அந்தக் கையொப்பத் தாளின் படத்தை முதலில் அகற்றுங்கள்

எமது வலயத்தின் கல்வி அதிகாரிகளுக்கும் பாடசாலை அதிபர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளே, அதிபர்களே,

இந்தத் தவணை நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையின்படி தரம் 9 முதல் 13 வரையான மாணவர்களுக்குச் சமூக ஊடகம் பற்றி ஒரு பாடவேளை விழிப்புணர்வு உரை நடந்தது. முடிவில் "சமூக ஊடகங்களைப் பயன்படுத்த மாட்டேன்" என்ற உறுதிமொழியில் பிள்ளைகள் கையொப்பம் வைத்தார்கள். நிகழ்வு நடந்ததற்குச் சான்றாகப் படங்களைப் பாடசாலையின் முகநூல் பக்கத்தில் போடும்படியும் கேட்டிருந்தீர்கள், போட்டாயிற்று. அப்படி ஒரு பாடசாலையின் பக்கத்தில் ஏறிய படங்களில் ஒன்று அந்தக் கையொப்பத் தாள். முழுப்பெயர், வகுப்பு, பெற்றோரின் தொலைபேசி எண், கையொப்பம் என்று 42 வரிகள். விரலால் பெரிதாக்கினால் ஒவ்வோர் எண்ணும் தெளிவாகத் தெரிகிறது. உலகத்தில் யாரும் பார்க்கக்கூடிய பதிவு அது. இதை எழுதும்போதும் அங்கேயே இருக்கிறது.

டிஜிட்டல் தடம், அதாவது இணையத்தில் நாம் விட்டுச்செல்லும் சுவடு, பற்றிப் பிள்ளைகளை எச்சரிக்க வைத்த நிகழ்ச்சியே 42 பிள்ளைகளின் தடத்தைப் பொதுவெளியில் பதித்துவிட்டது. படத்தைப் போட்ட ஆசிரியர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. சான்று கேட்டார்கள், கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கே தெரியாத பாடத்தைப் பிள்ளைக்கு 40 நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம் என்று எடுத்த முடிவைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. இந்த மாவட்டத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம் கற்பிப்பவர்கள் நாங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் பாடத்துக்கு நாங்களே துரோகம் செய்தவர்கள் ஆவோம்.

உறுதிமொழியிலிருந்து தொடங்குகிறோம். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது வகுப்புகளை வட்ஸ்அப்புக்குக் கொண்டுபோனது நாங்களும் நீங்களும்தான். இன்றும் வீட்டுவேலை, பரீட்சை நேரசூசி, கட்டணம், விளையாட்டுப் போட்டிப் பயிற்சி எல்லாம் வகுப்புக் குழுவில்தான் வருகின்றன. வட்ஸ்அப் இல்லாத பிள்ளை பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துக்கொண்டு வருகிறது. அப்படியிருக்க "பயன்படுத்த மாட்டேன்" என்று கையொப்பமிட்ட பிள்ளை அன்று பின்னேரமே அதை மீறத்தான் வேண்டும். கெடுதல் இதோடு முடிவதில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளையின் படத்தை யாராவது வெட்டி ஒட்டி அனுப்பினால், போலிக் கணக்குத் திறந்தால், படத்தை வைத்து மிரட்டினால், அது யாரிடம் வந்து சொல்லும்? "நீ கையொப்பம் வைத்தாயே, பிறகு ஏன் போனாய்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்று அதற்குத் தெரியும். நீங்கள் வாங்கிய தாள் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டது. மிரட்டுகிறவனுக்குத் தேவையானதும் அந்த மௌனம்தான்.

அடுத்தது பாடசாலைகளின் முகநூல் பக்கங்கள். திருகோணமலை நகரம், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி என்று எந்தப் பக்கம் போனாலும் அநேகமாக ஒரே வகைப் பதிவுகள்தான். புலமைப்பரிசில் முடிவு வந்தால் 10 வயதுப் பிள்ளையின் முகம், முழுப்பெயர், புள்ளி. உயர்தர முடிவு வந்தால் பரீட்சைத் திணைக்கள இணையத்தளத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷொட் அப்படியே, சுட்டெண்ணும் தேசிய அடையாள அட்டை எண்ணும் சேர்த்து. பெருமைப்படவேண்டிய நேரம் அது, எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அந்த எண் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் 4 இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கமும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2008723 என்று ஓர் எண் தொடங்கினால், 723 இலிருந்து 500 கழிய 223. பெப்ரவரியை 29 நாளாக வைத்து எண்ணினால் அது ஓகஸ்ட் 10. 2008 ஓகஸ்ட் 10 இல் பிறந்த பெண்பிள்ளை. தரம் 10 மாணவருக்கு இந்தக் கணக்குக்கு ஒரு நிமிடம் போதும். பெயரும் முகமும் பிறந்த திகதியும் அடையாள அட்டை எண்ணும் ஒரே இடத்தில் கிடைத்தால், பிள்ளையின் பேரில் கணக்குத் திறக்கவும், மறந்துபோன கடவுச்சொல்லை மீட்கிறவர்போல நடிக்கவும், "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று தாய்க்கு அழைப்பெடுக்கவும் வேறு பெரிதாக ஒன்றும் தேவைப்படாது.

தெளிவான முகப்படம் ஒன்றே இன்று தனி ஆபத்து. ஒற்றை முகப்படத்தை வைத்து ஆபாசப் படம் செய்து தரும் செயலிகள் போனிலேயே கிடைக்கின்றன. விளையாட்டுப் போட்டியில் நல்ல கமெராவால் எடுத்து, முழு அளவில், பெயரும் போட்டு ஏற்றும் படங்கள் அதற்கு வாய்ப்பாகிவிடுகின்றன. தூரத்திலிருந்து எடுத்த குழுப்படம், முதுகுப்பக்கமிருந்து எடுத்த ஓட்டப்படம், கேடயத்தின் படம், பெயர் இல்லாமல் "எமது மாணவர்கள்" என்ற குறிப்பு: இவற்றால் பாடசாலையின் பெருமை ஓர் இம்மியும் குறையாது.

"பிரச்சினை வந்தால் அழித்துவிடலாம்" என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். முகநூலில் மூலப் பதிவை நீக்கினால் அதிலிருந்து நேரடியாகப் பகிர்ந்தவையும் மறையும். இறக்கி வைத்து மீண்டும் ஏற்றியவை மறையாது. வட்ஸ்அப்பில் "எல்லோருக்கும் நீக்கு" என்ற வசதி ஏறத்தாழ இரண்டரை நாள்தான் வேலை செய்யும். அதற்குள் நீக்கினாலும், மற்றவரின் கேலரியில் சேமித்து வைத்த பிரதியும் அங்கிருந்து கூகிள் போட்டோஸுக்குப் போன பிரதியும் அப்படியே இருக்கலாம். 300 பெற்றோர் உள்ள குழுவில் ஒரு படம் போட்டால் அது 300 போனுக்குப் போனதாகத்தான் கணக்கு. பக்கத்திலிருந்து எடுத்த பிறகும் கூகிள் தேடலில் பழைய படமும் வரிகளும் சிலகாலம் நிற்கும். அதற்குக் கூகிளின் காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கும் படிவத்தில் அந்தப் பக்கத்தின் இணைய முகவரியைக் கொடுத்துக் கேட்கவேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவரின் படத்தைத் தேடல் முடிவிலிருந்து அகற்றும்படி பிள்ளையோ பெற்றோரோ கேட்பதற்கு 2021 முதல் தனிப் படிவமும் உண்டு. இரண்டுமே தேடலில் இருந்துதான் எடுக்கும், மூலத்தில் இருந்து எடுக்காது. இந்த வேறுபாட்டை உங்கள் உரையில் யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் எப்படிக் கற்பிப்பது? பயமுறுத்தாமல் கற்பிக்கலாம்.

முதல் பாடவேளைக்கு இணையமே வேண்டாம். ஏ4 தாள் ஒன்றை 7 துண்டாக வெட்டி, கற்பனை மாணவி ஒருத்தியின் 7 பதிவுகளை அச்சிடுங்கள். பிறந்தநாள் கேக், மேலே 16 என்ற மெழுகுதிரி, பதிவான திகதி. விளையாட்டுப் போட்டியில் இல்ல நிற ரீசேர்ட், பின்னால் பாடசாலைக் கட்டடம். டியூஷன் கொப்பியின் அட்டை, அதில் சனிக்கிழமை 4 முதல் 6 மணி வரை என்ற நேரசூசி. பஸ்ஸுக்கு நிற்கும் செல்பி, தோளுக்கு மேலே ஒரு கடையின் பெயர்ப்பலகை. "அப்பா திரும்பக் கட்டார் போயிட்டார்" என்று ஒரு வட்ஸ்அப் ஸ்டேட்டஸ். பூனைக்குட்டியின் படம், பின்னால் வீட்டு கேற்றும் மூலையில் மின்மாற்றிக் கம்பமும். கடைசியாக, "அம்மா நைட் டியூட்டி, நானும் தம்பியும் மட்டும்." ஐந்தைந்து பேராகப் பிரித்து 15 நிமிடம் கொடுங்கள். அவளுடைய பிறந்த திகதி என்ன, எந்தப் பாடசாலை, வீடு எந்தச் சந்திக்குப் பக்கம், சனிக்கிழமை 6 மணிக்கு எங்கே நிற்பாள், வீட்டில் பெரியவர் இல்லாத நேரம் எது? எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு கேளுங்கள்: இந்த ஏழில் கெட்ட படம் எது? ஒன்றும் இல்லை. ஏழும் அப்பாவிப் பதிவுகள். சேர்ந்தபோதுதான் வீட்டு வாசல் வரை வழி காட்டின. எந்தத் துண்டை எடுத்துவிட்டால் மற்றவற்றின் பலம் அதிகமாகக் குறையும் என்று அடுத்த 15 நிமிடம் வாதாடட்டும். ஒழுக்கம் பற்றிய உரை எதுவும் இந்த இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவராது.

இரண்டாவது பாடவேளை, தன் பெயரைத் தானே தேடுவது. செய்தே பார்க்கவேண்டும், அதுவும் முறையாக. முதலில் கூகிள் கணக்கிலிருந்து வெளியேறவேண்டும், அல்லது பிரௌசரின் இன்கொக்னிட்டோ சாளரத்தில் தேடவேண்டும். உள்நுழைந்த நிலையில் தேடினால் பிறர் காண்பதிலிருந்து வேறுபட்ட முடிவுகள் வரலாம். பெயரை மேற்கோள் குறிக்குள் இடவேண்டும். எங்கள் பெயர்களில் சிக்கல் அதிகம். தந்தையின் முதலெழுத்து முன்னால் வரும், பின்னால் வரும், முழுப்பெயராகவும் வரும். தர்ஷினி ஒரு சான்றிதழில் தர்சினி ஆகியிருப்பாள். ஆங்கிலத்தில் எழுதும்போது எச் சேருமா, எழுத்து இரட்டிக்குமா என்பதில் ஒரே பிள்ளைக்கு நாலு எழுத்துக்கூட்டல் வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கவேண்டும். தமிழிலும், ஆங்கிலத்திலும், சிங்கள நண்பர்கள் இருந்தால் சிங்களத்திலும். பிறகு பெயரோடு பாடசாலை, பெயரோடு ஊர், கேம் விளையாடும் பட்டப்பெயர். தொலைபேசி எண்ணை 07 என்று தொடங்கியும், +94 என்று தொடங்கியும். கடைசியில் படத் தேடல்.

இந்த வகுப்பில் பிழை நடப்பது ஒரே இடத்தில்தான். ஆசிரியர் உற்சாகத்தில் ஒரு பிள்ளையின் பெயரை புரொஜெக்டரில் தேடிக் காட்டுவார். பழைய படம் ஒன்று வரும், வகுப்பு சிரிக்கும், அந்தப் பிள்ளை பிறகு இந்தப் பாடத்துக்குள் வராது. திரையில் கற்பனைப் பெயரை மட்டும் தேடுங்கள். தன் பெயரைப் பிள்ளை தன் மேசையில் தேடி, தன் கொப்பியில் எழுதி, விரும்பினால் மட்டும் ஆசிரியரிடம் காட்டட்டும். கணினி கூடத்தில் வேலை செய்யும் இயந்திரம் பத்தோ பன்னிரண்டோ இருக்கும் பாடசாலைகள் பாதி வகுப்பைத் தாள் பயிற்சியில் விட்டு மாற்றி மாற்றிச் செய்யலாம்.

செட்டிங்ஸ் ஒரு பாடவேளைக்குள் அடங்கும். முகநூலில் பழைய பதிவுகளை ஒரேயடியாக நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் வசதி, வெளித் தேடுபொறிகள் தன் பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பதை நிறுத்துவது, டேக் செய்தால் தன் அனுமதி கேட்க வைப்பது, தொலைபேசி எண்ணை வைத்து யார் தேடலாம் என்பது, கூகிள் கணக்கின் செயற்பாட்டு வரலாற்றை 3 மாதத்தில் தானாக அழிய வைப்பது. இவற்றோடு பிள்ளைகள் அதிகம் ஏமாறும் ஒன்றையும் சொல்லவேண்டும். புரொஃபைலைப் பூட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் செய்திப் பக்கங்களுக்கும் அரசியல் பக்கங்களுக்கும் கீழே கொமென்ட் எழுதுவார்கள். பொதுப் பதிவின் கீழ் எழுதிய கொமென்ட் எல்லோருக்கும் தெரியும். பூட்டு அதற்குப் பொருந்தாது.

எமது மாகாணத்தில் இது சின்ன விடயமும் அல்ல. முகநூலில் பகிர்ந்த படங்களுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் உள்ளே போனதைக் கிழக்கு பார்த்திருக்கிறது. சமூக ஊடகப் பதிவுக்காக 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தில் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம்) கைதானவர்களும் இந்த நாட்டில் உண்டு. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. இந்தச் சட்டங்கள் சரியா பிழையா என்பது வேறு வாதம், எங்களுக்கும் அதில் கருத்து உண்டு. ஆனால் 15 வயதில் யோசிக்காமல் பகிர்ந்த ஒரு படம் யாருடைய கையில் என்னவாக மாறலாம் என்பது தெரியாமல் ஒரு பிள்ளை தரம் 11 ஐத் தாண்டக்கூடாது. மூன்று இனத்தவரும் ஒரே பஸ்ஸில் ஏறும் மாவட்டம் இது. ஒரு மொழியில் வந்த வதந்தியை அந்த மொழி தெரியாத இன்னொரு சமூகத்துக்கு அனுப்பும் கை பல வேளைகளில் இளங்கைதான்.

வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்க விசா விண்ணப்பப் படிவம் 2019 முதல், கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைக் கேட்கிறது. 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் கணக்குகளை எல்லோருக்கும் திறந்து வைக்கும்படியும் சொல்கிறார்கள். பூட்டி வைத்த கணக்கையும் ஒருநாள் திறக்கச் சொல்வார்கள் என்பதைப் பிள்ளை 14 வயதில் தெரிந்திருந்தால் எழுதுவதும் பகிர்வதும் வேறுவிதமாக இருக்கும்.

பாடசாலைக்கு வெளியே தடம் பதியும் இடங்களில் நீங்கள் கவனிக்காதது கொமியூனிகேஷன் கடை. பல்கலைக்கழக விண்ணப்பம், வேலை விண்ணப்பம், சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் அங்கேதான். பிள்ளை தன் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் கடையின் வட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறது. அது கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் கிடக்கிறது, அடுத்து வருகிறவர் தன் கோப்பைத் தேடும்போது அதையும் பார்க்கிறார். மின்னஞ்சல் முகவரியைக் கடைக்காரத் தம்பியே திறந்து, மீட்பு எண்ணாகக் கடை எண்ணைக் கொடுத்து, கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதித் தருகிறார். துண்டு தொலைகிறது. முக்கியமான அறிவித்தல் வரும்போது மின்னஞ்சலைத் திறக்கப் பிள்ளைக்கு வழி இல்லை. கடைக்காரர்களில் பெரும்பாலானோர் நல்லவர்கள், கெட்ட எண்ணம் இல்லாமலே இதெல்லாம் நடக்கிறது. தரம் 10 இலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பெயரில் ஒழுங்கான மின்னஞ்சல், வீட்டாரின் நிரந்தர எண் மீட்பு எண்ணாக, இரட்டைச் சரிபார்ப்போடு (கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் பூட்டு) திறந்து கொடுத்தால் இது பாதி தீரும். பாவிக்காமல் விட்ட சிம் எண்ணை நிறுவனம் காலப்போக்கில் இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்பதால் பழைய எண்ணைக் கணக்குகளிலிருந்து எடுக்கவும் பழக்கவேண்டும். கடையில் வேலை முடிந்ததும் கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலியாக்கி, வட்ஸ்அப் வெப்பில் இருந்து வெளியேறும் பழக்கம் வேண்டும். தன் போனில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பட்டியலைப் பார்த்தாலே எந்தக் கணினியில் தன் வட்ஸ்அப் திறந்து கிடக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிரச்சினை வந்துவிட்ட பிறகு பாடசாலைகள் செய்வதுதான் எங்களுக்கு மிகவும் மனவருத்தம் தருவது. போனைப் பறிக்கிறார்கள். ஆசிரியர் ஓய்வறையில் நாலு பேர் முன்னால் கேலரியைத் திறக்கிறார்கள். "அந்தப் படத்தை எனக்கு வட்ஸ்அப்பில் போடு, பார்ப்போம்" என்கிறார்கள். தயவுசெய்து இந்த வசனத்தை எந்த ஆசிரியரும் இனிச் சொல்லவேண்டாம். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின் கீழ் குற்றமாகலாம். "விசாரிக்கத்தான் அனுப்பச் சொன்னேன்" என்பது படத்தின் இன்னொரு பிரதியை உருவாக்கிவிட்ட பிறகு சொல்லும் சமாதானம்.

செய்யவேண்டியது வேறு. பிள்ளையை அமர்த்தி, நீ பிழை செய்தாயா என்று கேட்காமல், எங்கே பார்த்தாய், யார் அனுப்பியது, எப்போது என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். போலிக் கணக்கு என்றால் அந்தப் பக்கத்தின் முழு முகவரியைப் பிரதி எடுத்து வையுங்கள். பெயரையும் முகப்படத்தையும் மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பயனில்லை, கணக்கை நடத்துகிறவன் அடுத்த நிமிடமே பெயரை மாற்றுவான். திகதியும் நேரமும் முகவரியும் தெரியும்படி எடுத்த பிறகே ரிப்போர்ட் செய்யவேண்டும். முதலில் ரிப்போர்ட் செய்து கணக்கு போய்விட்டால் காட்டுவதற்குச் சான்று இல்லை. வகுப்பே சேர்ந்து நூறு முறை ரிப்போர்ட் செய்வதைவிட, "வேறொருவராக நடிக்கிறார்" என்ற சரியான காரணத்தைத் தெரிந்து பாதிக்கப்பட்டவரே ஒருமுறை செய்வது பலன் தரும். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் அந்தரங்கப் படம் என்றால் டேக் இட் டவுன் என்ற சேவை உண்டு. படத்தை எங்கும் ஏற்றத் தேவையில்லை. பிள்ளையின் போனிலேயே படத்திலிருந்து ஓர் எண்கோவை உருவாகி அது மட்டும் போகும். சேவையில் சேர்ந்த தளங்கள் அதே எண்கோவை உள்ள படத்தைத் தேடித் தடுக்கும். 18 வயது தாண்டியவர்களுக்கு ஸ்டொப் என்.சி.ஐ.ஐ. என்ற அதேபோன்ற சேவை உண்டு. இரண்டும் வட்ஸ்அப் தனிச் செய்திகளுக்குள் போகமாட்டா என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். முறையிடத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, தொழினுட்ப உதவிக்கு இணையப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101, பெண்களுக்கு 1938. மிரட்டிக் காசு கேட்கிறவனுக்கு ஒரு ரூபாயும் அனுப்பக்கூடாது. ஒருமுறை அனுப்பினால் மறுபடி கேட்பான்.

இந்தப் பாடம் மறைப்பதோடும் அழிப்பதோடும் நிற்கவும் கூடாது. தேடினால் ஒன்றுமே வராத பெயரைவிட, நல்லது நாலு வரும் பெயர் பிள்ளைக்கு உதவும். தமிழ் விக்கிப்பீடியாவில் தன் ஊர்க் குளத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு திருத்தமும் யார், எந்த நிமிடம் செய்தார்கள் என்று "வரலாறு" பக்கத்தில் அழியாமல் நிற்கும். தடம் என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல கரும்பலகை எங்களுக்குக் கிடைக்கவில்லை. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வேலை தேடப்போகும் பிள்ளைக்கு 16 வயதில் லிங்க்ட்இன் கணக்குத் திறக்கலாம். படம் வரைகிறவர், நிரல் எழுதுகிறவர், மீன்பிடி வலை பின்னும் முறையைக் காணொளியாக்குகிறவர், எல்லோருக்கும் இடம் உண்டு. வீட்டு முகவரி தெரியாமல் திறமை மட்டும் தெரியும்படி எப்படிப் போடுவது என்பதைக் கற்பிக்கவேண்டியது நாங்கள்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றது, அதன் 16 ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைப் பற்றியது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளை தொடர்பான தரவை விசேட வகைத் தரவு என்று வகுத்திருக்கிறது.

எனவே உங்களிடம் நாங்கள் கேட்பவை:

கையொப்பத் தாளின் படத்தை இன்றே அகற்றுங்கள். அந்த 42 வீடுகளுக்கும் அதிபர் அறிவிக்கட்டும், தெரியாத அழைப்புகள் வந்தால் என்ன செய்வது என்றும் சொல்லட்டும். ஒவ்வொரு பாடசாலையும் தன் பக்கத்தின் கடந்த 3 ஆண்டுப் பதிவுகளைப் பார்த்து, அடையாள அட்டை எண், சுட்டெண், தொலைபேசி எண், முகத்தோடு சேர்ந்த முழுப்பெயர் உள்ளவற்றை ஒரு மாதத்துக்குள் எடுக்கவேண்டும். நிகழ்ச்சிகளுக்கு முகநூல் படத்தைச் சான்றாகக் கேட்பதை வலயம் நிறுத்தவேண்டும். சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் அதிபரின் பதிவு போதும்.

உறுதிமொழித் தாள்களைத் திருப்பிக் கொடுங்கள். "எதுவாக இருந்தாலும் வந்து சொல், தண்டனை இல்லை" என்று காலைக் கூட்டத்தில் அதிபர் தன் வாயால் சொல்லட்டும்.

தரம் 8, 9, 10 இல் ஆண்டுக்கு 6 பாடவேளை ஒதுக்குங்கள். எங்கள் பாடம் சாதாரண தரத்தில் விருப்பப் பாடம் என்பதால் அதற்குள் மட்டும் வைத்தால் பாதிப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. குடியியற் கல்வியோடும் சேருங்கள். தாள் பயிற்சிகளையும் தமிழ் வழிகாட்டிகளையும் நாங்கள் தயாரித்துத் தருகிறோம், கூலி வேண்டாம்.

அனுமதிப் படிவத்தை மாற்றுங்கள். சஞ்சிகை, அறிவித்தல் பலகை, முகநூல், பத்திரிகை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம், ஆண்டுதோறும் புதிதாக, பெற்றோரின் கையொப்பத்தோடு பிள்ளையின் சம்மதமும். வேண்டாம் என்று பின்னர் சொன்னால் 7 நாளுக்குள் படம் இறங்கவேண்டும்.

பாடசாலைப் பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு நிர்வாகிகள், இருவருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு. ஒருவர் இடமாற்றம் பெற்றால் பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் களஞ்சியத் திறப்போடு பக்கத்தின் நிர்வாகமும் இருக்கவேண்டும். இன்று புல்மோட்டைக்கு மாறிப்போன ஆசிரியரின் சொந்தக் கணக்கிலும் கடல்கடந்த பழைய மாணவரின் கணக்கிலும் பக்கங்கள் தொங்குகின்றன.

ஒவ்வொரு பாடசாலையிலும் இரு ஆசிரியர்களுக்கு, அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண், சம்பவம் நடந்தால் என்ன செய்வது என்று ஒருநாள் பயிற்சி கொடுங்கள். அவர்களின் பெயர் வகுப்பறைச் சுவரில் இருக்கட்டும். அவர்களைத் தவிர வேறு யாரும் பிள்ளையின் போனைத் திறக்கக்கூடாது, அவர்களும் பெற்றோர் அருகில் இருக்கும்போது மட்டும்.

அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று.

இப்படிக்கு,
தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாட ஆசிரியர்கள் சிலர்
திருகோணமலை